இடுப்பளவு நீரில் முடிந்த ஆட்டம்

மாமல்லபுரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் நடந்த சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்றில், சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்பு, கடல் உள்ளே வந்து முதல் மேசையை மட்டும் சூழ்ந்துகொண்டது. மற்ற மேசைகளின் கீழே தரை உலர்ந்தே இருந்தது. நடுவர் சந்திரம்மா விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். தண்ணீரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லாததால் ஆட்டம் தொடர்ந்தது.

படூர் ரேணுகாவும் வேடந்தாங்கல் கிருபாகரனும் எதிரெதிரே இருந்தார்கள். ஜெயிப்பவருக்குக் கிராண்ட்மாஸ்டர் பட்டம். டிரா ஆனால் இருவருக்குமே இல்லை. ரேணுகா இதற்காக வேலையை விட்டிருந்தாள். கிருபாகரன் போன வருடம் அரைப் புள்ளியில் பட்டத்தைத் தவறவிட்டவன். அதிலிருந்து வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

யார் கை தாழ்ந்ததோ அவர் பக்கம் நீர் ஏறியது. கிருபாகரனின் யானை உள்ளே புகுந்தபோது ரேணுகாவுக்கு மார்புவரை வந்தது. மடவை மீன்கள் காய்களுக்கிடையே வழி பார்த்து நீந்தின. காய்கள் மட்டும் அசையாமல் தத்தம் கட்டங்களில் நின்றன. அவள் குதிரையைப் பின்னால் இழுத்ததும் நீர் மெல்லப் புரண்டு கிருபாகரனின் மோவாயைத் தொட்டது. அவனுக்கு நீச்சல் தெரியாது.

வேடிக்கை பார்ப்பவர்களோடு நின்றிருந்த அவன் தங்கை ஜெசிந்தாவால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "அண்ணாத்த, எயுந்து வந்துடு. பட்டம் கெடக்குது."

மாட்டேன் என்று அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

ராணியை நகர்த்தினால் ஆட்டம் முடிந்துவிடும். ரேணுகாவின் கை ராணிக்கு மேலே வெகுநேரம் நின்றது. பிறகு யானையை எடுத்து ஒரு செக் வைத்தாள். நீர் தணிந்தது. இப்போது கிருபாகரனுக்கு ஜெயிக்க ஒரு வழி திறந்திருந்தது. அவன் அதைப் பார்த்தான். ராஜாவை ஓரமாக நகர்த்திக்கொண்டான். அவள் மறுபடி செக் வைத்தாள், அவன் மறுபடி நகர்ந்தான். ஒரே நிலை திரும்பத் திரும்ப வந்தது. வெதுவெதுப்பான நீர் இருவருக்கும் இடுப்பளவில் நின்றது. ரேணுகா டிரா கேட்டாள். அவன் கை கொடுத்தான்.

வாசலில் துணியைப் பிழிந்துகொண்டே கிருபாகரன் கேட்டான்: "இன்னாத்துக்குங்க ராணிய நவுத்தாம வுட்டீங்க?"

"உங்களுக்கும்தான் ஒரு வழி இருந்துச்சி. பாக்கலியா?"

"பாத்தேன்."

அன்று வீடு போகும்வரை அவன் ஜெசிந்தாவிடம் பேசிக்கொண்டே போனான். ரேணுகா பிற்பாடு வேறு ஊரில் பட்டம் வாங்கினாள். அவனுக்கு இன்னும் கிடைக்கவில்லை; விளையாடிக்கொண்டிருக்கிறான். மண்டபத்து நீர் வடியவே இல்லை. முகூர்த்த நாட்களில் பந்திக்குப் போகிறவர்கள் வேட்டியையும் புடவையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பேச்சை நிறுத்தாமல் அந்த இடத்தைக் கடக்கிறார்கள்.