தவறிப் பதிந்த பெயர்

வேர்க்கடலையில் படரும் பூஞ்சை நஞ்சு சுரப்பதை எப்படி நிறுத்துவது என்று கண்டுபிடிக்கத்தான் சந்தியா திருப்பதிக்கு ஆராய்ச்சி மாணவியாக வந்தாள். சித்தூர்ப் பக்கம் புத்தலப்பட்டு அவள் ஊர்; வீட்டில் எல்லோருக்கும் கூலி வேலை. மரபணு டேட்டாபேஸிலிருந்து பூஞ்சையின் என்சைம்களை எடுத்து, எது எதைத் தூண்டுகிறது, எது எதை அடக்குகிறது என்று கம்ப்யூட்டரில் வலையாகக் கோத்தாள். ஒரேயொரு என்சைமை முடக்கினால் நஞ்சு நின்றுவிடும் என்று அந்த வலை சொன்னது.

லேபில் முடக்கிப் பார்த்தாள். நஞ்சு நிற்கவில்லை.

மாதக்கணக்கில் தேடியபின் பிழை பிடிபட்டது. அது அவள் கணக்கில் இல்லை. டேட்டாபேஸில் அந்த என்சைமைச் சுரக்கும் மரபணுவுக்கு யாரோ தவறான பெயர் கொடுத்திருந்தார்கள். பதிந்தது சென்னைக் கம்பெனி ஒன்று. அவளைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அமெரிக்கா போன கோபிகிருஷ்ணன் முன்பு வேலை பார்த்த இடம்.

ஞாயிற்றுக்கிழமை அவன் போன் செய்தபோது கேட்டாள்.

"நான் போட்டதுதான்" என்றான். "ஒரு நாளைக்கு இத்தனைன்னு டார்கெட் இருந்துச்சு சந்தியா. ஈஸ்ட் பூஞ்சையில இருக்கிற மரபணுமாரி தெரிஞ்சா அதே பேரைப் போட்டுக்கினு போய்க்கினே இருப்போம். யாரு பாக்கப்போறாங்க?"

"நான் பாத்தேன்."

"இத்த இப்ப கெளறாத. அந்த ப்ராஜெக்ட்ட காட்டித்தான் இங்க வேலை வாங்கினேன்."

வழிகாட்டிப் பேராசிரியர் சம்பத்குமார் குரலை உயர்த்தாமலே சொன்னார்: "தீசிஸ்லேர்ந்து லேப் ரிசல்ட்டை எடுத்துடும்மா. கம்ப்யூட்டர் வேலை அழகா இருக்கு, அது போதும்."

"பொய்யாயிடுமே சார்."

"டேட்டாபேஸ்ல இருந்ததைத்தானே நீ எடுத்தே? பொய் உன்னோடதில்லையே."

அந்தப் பதில் தனக்கும் ஒருகணம் இனித்ததுதான் அவளைச் சுட்டது. பிழையை விளக்கி டேட்டாபேஸ்காரர்களுக்கு எழுதினாள். நன்றி சொல்லித் திருத்தினார்கள். ஆனால் பழைய பெயர் அதற்குள் வேறு பல டேட்டாபேஸ்களுக்குப் பரவியிருந்தது. அங்கெல்லாம் அப்படியே நின்றது. லேப் முடிவை ஆய்வேட்டிலிருந்து எடுக்க அவள் சம்மதிக்கவில்லை. சம்பத்குமார் கையெழுத்துப் போடவில்லை. உதவித்தொகை முடிந்தது. கோபியின் போனும் நின்றது. அவன் நாயுடுபேட்டைப் பெண்ணைக் கட்டிக்கொண்டதை யாரோ சொல்லித்தான் அறிந்தாள்.

சித்தூரில் ஒரு தனியார் இன்டர் காலேஜில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்தப் போனாள். பார்க்க வந்த அப்பா முனியப்பன், காலேஜ் வாசலில் ஆசிரியர்கள் பெயர்ப் பலகையைக் காட்டினார்.

"உன் பேருக்கு முன்னால டாக்டருன்னு எப்பம்மா போடுவாங்க?"

"போடமாட்டாங்க நைனா."

"ஊர்ல எல்லாருக்கும் சொல்லிட்டேனே."

அதையும் திருத்தச் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. "வாங்க, துன்னுட்டு பஸ் ஏறுங்க" என்று ஓட்டலுக்குக் கூட்டிப்போனாள்.