ஜன்னலுக்குக் கீழே நிற்கும் லாரி

என் மகளுக்கு ஒன்பது வயது. இரைப்பு வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பேச வராது, இன்ஹேலரை விரலால் காட்டுவாள். போன வருஷம் எதிர்க் கட்டடத்தில் மளிகைக் கிடங்கு ஒன்று வந்தது. போனில் கேட்டால் பத்து நிமிஷத்தில் வாசலில் சாமான். அது வந்த கொஞ்ச நாளிலேயே இரைப்பு வாரத்துக்கு மூன்று முறை ஆனது.

காரணம் கண்டுபிடிக்க ஆராய்ச்சியா வேண்டும்? விடிவதற்கு முன்பே குளிர்பதன லாரி ஒன்று எங்கள் ஜன்னலுக்குக் கீழே வந்து நிற்கும். உள்ளே குளிர் குறையக் கூடாதாம், இஞ்சினை அணைக்கவே மாட்டார்கள். புகை நேராக அவள் படுக்கைக்கு வரும். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கத்தில் இரைக்கும். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. லாரியை நிறுத்தச் சொல்லி ஒரு தாளில் எழுதி, வீடு வீடாக ஏறி இறங்கி நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிடங்குக்குப் போனேன்.

மேலாளர் என்னைவிடச் சின்னவர். தாளை முழுசாகப் படித்தார்.

“அக்கா, முன்னாடி எல்லாச் சரக்கும் மத்தியானம் ஒரே வண்டியிலதான் வந்துட்டிருந்தது. இந்தத் தெருவுல ஆறு மணிக்கே பால், முட்டைன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. அதுக்குத்தான் இந்த லாரி.”

“யார் கேக்கறா? சொல்லுங்க, நானே போய்ப் பேசறேன்.”

அவர் சங்கடப்பட்டார். “உங்க போனைப் பாருங்கக்கா.”

பார்த்தேன். அந்த மாதம் மட்டும் எழுபத்தொரு முறை கேட்டிருக்கிறேன். காலை ஆறு மணிக்கே பாலுக்கு ஒரு வண்டி, முட்டைக்கு ஒரு வண்டி, மறந்துபோன எலுமிச்சம்பழத்துக்குத் தனியாக ஒரு வண்டி. இரைக்கிற பிள்ளையை விட்டுவிட்டு நாலு தெரு தள்ளியிருக்கும் கடைக்கு எப்படிப் போவது என்றுதான் ஆரம்பித்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. தாளை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அவளையும் கூட்டிக்கொண்டு கடைக்கு நடந்தேன். வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். ஒரு வாரத்துச் சாமானை ஒரேயடியாக வாங்கினேன்.

“ஏம்மா, போன்லயே வாங்கலாமே?”

“இனிமே வேண்டாம்டி. நாம கேக்கறதாலதான் அந்த லாரி வருது.”

“அப்ப நாளைக்கு வராதா?”

வராது என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் அதே நேரத்துக்கு லாரி வந்து நின்றது. எங்கள் வீட்டுச் சாமான் ஒன்றுகூட அதில் இல்லை. அவள் எழுந்து சுவரைப் பிடித்தாள். மருந்து கொடுத்து மூச்சு திரும்பியதும் என் முகத்தையே பார்த்தாள்.

“அம்மா, நீ மறுபடியும் ஏதாவது கேட்டியா?”

இல்லை என்றேன். அவள் நம்பவில்லை.