சன்னல் உபயம்

அமரர் ஐயாத்துரை நினைவு மகளிர் விடுதியில் உபயதாரர் பெயர் இல்லாத பொருள் மின்விசிறி ஒன்றுதான். ஓடும்போது பெயர் தெரியாது என்பதால் அதை நன்கொடையாகத் தர யாரும் முன்வரவில்லை. மற்றபடி அண்டா, வாளி, சுவர்க்கடிகாரம், சாப்பாட்டுத் தட்டு எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. ஒரு பெண் ரசத்தைக் குடித்து முடித்தால் தட்டின் அடியில் யாராவது ஒரு புண்ணியவானின் தாத்தா பெயர் தெரியும்.

சன்னல்கள் மட்டும் முழுக்க ஐயாத்துரை உபயம். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் சாலையில், பஸ்ஸில் போகிறவர்கள் கூட வாசிக்கும்படி, சன்னலுக்குச் சன்னல் பச்சை எனாமலில் வெள்ளை எழுத்தில் அவர் பெயர். கதவு இரண்டையும் சாத்தினால்தான் அது முழுசாக வரும். திறந்தால் கதவுகள் வெளிப்பக்கமாகப் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பெயரும் சுவரைப் பார்த்துக்கொள்ளும். ஆகவே சன்னல்கள் திறக்கப்படுவதில்லை. பொழுது சாய்ந்தால் அவற்றுக்கு வெளியிலிருந்து ஃபோகஸ் விளக்கு உண்டு. உள்ளே மூன்று டியூப்லைட்டில் இரண்டு எரியாது.

அந்த நீள ஹாலில் ஐப்பசி மாதம் காய்ச்சல் நுழைந்தது. மில்லுக்குப் போகும் பெண் ஒருத்தி கொண்டுவந்தாள். மறுநாள் பக்கத்துக் கட்டில். அதற்கு அடுத்து அதன் பக்கத்துக் கட்டில். பந்தியில் இலை போட்டுக்கொண்டு வருவதுபோல வரிசை மாறாமல் வந்தது.

வார்டன் காளீஸ்வரி நகராட்சியிலிருந்து சுகாதார ஆய்வாளர் ராம்குமாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் வாசலில் நின்றே மூக்கைப் பொத்தினார்.

"இது என்னம்மா, வேது பிடிக்கிற போர்வைக்குள்ள வந்த மாதிரி இருக்கு. காய்ச்சக்காரங்களத் தனியா வைங்க. கட்டில எட்டிப் போடுங்க, ஒருத்தி தலை வச்ச பக்கம் அடுத்தவ காலு இருக்கணும். துண்டு, டம்ளர் ஆளுக்கு ஒண்ணு. மாஸ்க் போடச் சொல்லுங்க. எல்லாத்துக்கும் மேல, மொதல்ல அந்தச் சன்னலத் தொறங்க. உள்ள இருக்கற காத்து வெளிய போனாத்தான் சீக்கும் போகும்."

"சன்னல் தவிர மத்ததச் செஞ்சிருதேன் சார்" என்றாள் காளீஸ்வரி.

சொன்னபடி செய்தாள். சாப்பாட்டு அறையில் பெஞ்சுகளை ஒதுக்கிக் காய்ச்சல்காரர்களைப் படுக்க வைத்தாள். கட்டில்களைத் திருப்பிப் போட்டாள். கொரோனா காலத்தில், விடுதியை நடத்தும் அறக்கட்டளை தன் சின்னம் அச்சிட்டுக் கொடுத்த முகக்கவசப் பெட்டி பீரோவில் இருந்தது; சிறப்பு விருந்தினர்களுக்கென்று பத்திரப்படுத்தியது. அதையும் எடுத்து விநியோகித்தாள். கன்னத்தில் அறக்கட்டளையின் சின்னத்தோடு பெண்கள் இருமினார்கள்.

அவளுடைய கவலையெல்லாம் தீபலட்சுமி. திருச்சுழிக்குத் தெற்கே ஒரு மானாவாரி ஊரிலிருந்து வந்து, டவுனில் ஸ்கேன் எடுக்கும் இடத்தில் வேலை பார்க்கிற பெண். சின்ன வயதிலிருந்தே இழுப்பு. போன வருசம் சளி பிடித்து, விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தாள். காளீஸ்வரிதான் கூட இருந்தாள். அந்தப் பெண்ணின் விலா எலும்புகள் மூச்சுக்காக ஏறி இறங்கியதைப் பார்த்தவளுக்கு இப்போது எந்த இருமல் கேட்டாலும் யாருடையது என்று போய்ப் பார்த்தால்தான் ஆகும்.

தீபலட்சுமியின் கட்டிலைச் சமையல்கட்டு வாசல் ஓரத்துக்கு மாற்றிப் போட்டபோது அவள் இன்ஹேலரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை ஆஸ்பத்திரின்னா மூட்டையக் கட்டிக்கிட்டு வந்துரணும்னு எங்கய்யா சொல்லிட்டாக அக்கா. மாப்பிள்ளை கூடப் பாத்து வச்சிருக்காக."

"மாப்பிள்ளை எப்படி?"

"இருமுவாராம்" என்றாள் அடுத்த கட்டிலில் இருந்த மாரிக்கனி.

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் மாரிக்கனி இருமினாள். காளீஸ்வரி சாலையைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனாள்.

எதிர்க்கடை, அறக்கட்டளைத் தலைவர் நவநீதகிருஷ்ணனுடையது. மிளகாய் வத்தல் கமிஷன் கடை; மாடியில் வீடு. அவர் கல்லாவில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே விடுதியின் சன்னல் வரிசை. அப்பா பெயரைப் பார்த்துக்கொண்டேதான் வியாபாரம். அங்கே மூட்டை தூக்குகிறவர், எடை போடுகிறவர், விலை கேட்கிறவர் எல்லாரும் இருமிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் இருமலுமா இருக்கு."

"இருமலா?" நவநீதகிருஷ்ணன் இருமினார். "நாங்க மூணு தலைமுறையா இருமுதோம். இது ஒரு வியாதியா?"

"இது ஒட்டுற இருமல் அண்ணாச்சி. சன்னலத் தொறந்து வைக்கச் சொல்லுதாக."

"தொறந்தா எங்கப்பா எங்க போவாக?"

காளீஸ்வரி திரும்பிச் சன்னல் வரிசையைப் பார்த்தாள்.

"சுவத்தப் பாத்துக்கிட்டு நிக்கணுமா எங்கப்பா? பள்ளிக்கூடத்துல தப்புச் செஞ்ச பிள்ளை மாதிரி? நீயே சொல்லு."

"ஒரு வாரம் மட்டும் அண்ணாச்சி. அந்தத் தீபலட்சுமிப் பிள்ளைக்கு ஏற்கெனவே இழுப்பு..."

"இந்த வாரமா? ஞாயித்துக்கிழமை அப்பா நினைவு நாளு. போட்டோக்காரன் வாரான். ஒண்ணு செய்வோம். விழாவுல சுகாதார விழிப்புணர்வையும் சேத்துக்கிருவோம். நானே பேசுதேன். எல்லாப் பிள்ளைகளும் ஹாலுக்குள்ள வந்துரணும், காய்ச்சக்காரப் பிள்ளைகளும். அவுகளுக்குத்தான் முக்கியமாத் தெரியணும்."

காளீஸ்வரி திரும்பி நடந்தாள். கால் வலித்தது. பன்னிரண்டு வருசமாக இந்தச் சாலையைக் கடந்து கேட்கப் போய், கேட்காமல் வந்த மாதிரி திரும்பிக்கொண்டிருக்கிறாள். விளக்கு, தண்ணீர் மோட்டார், கொசுவலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு விழாதான் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் கட்டில்களைச் சுவரோரம் அடுக்கி, நாற்காலி போட்டார்கள். 'இடைவெளி காப்போம்' என்று எழுதிய ஃப்ளெக்ஸின் கீழ் தோளோடு தோள் உரச உட்கார்ந்தார்கள். காரியாபட்டியிலிருந்தெல்லாம் உறவினர் வந்திருந்தார்கள். தீபலட்சுமியை மட்டும் பாயசம் கிண்ட ஆள் இல்லையென்று சொல்லிப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டாள் காளீஸ்வரி. பாயசத்தை ஏற்கெனவே கிண்டி இறக்கியாகிவிட்டது. அந்தப் பெண் வேப்பமரத்தடியில் ஆறிய பாயசத்துக்கு முன்னால் கரண்டியோடு உட்கார்ந்திருந்தாள்.

நவநீதகிருஷ்ணன் மைக்கைப் பிடித்தார். சுத்தமான காற்று மனிதனின் பிறப்புரிமை என்றார். பின்வரிசை இருமியது. அப்பா காலத்தில் காற்று எவ்வளவு சுத்தமாக இருந்தது என்று விவரித்தார். நடுவரிசையும் சேர்ந்துகொண்டது. கைதட்டல் எது, இருமல் எது என்று பிரித்தறிய முடியாமல் அவர் இரண்டுக்கும் தலையசைத்தார்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவருடைய தாயார் கோகிலாம்பாளுக்கு வேர்த்து ஊற்றியது. கனமான பட்டு, கனமான உடம்பு. பொன்னாடையை எடுத்து விசிறிக்கொண்டார். பிறகு எழுந்து, சன்னலோரம் நின்ற காளீஸ்வரியிடம் வந்தார்.

"இதத் தொற தாயி. மூச்சு முட்டுது."

"அம்மா, அப்பா பேரு வெளிய இருக்கு" என்று மைக்கிலேயே சொன்னார் மகன். சாலை வரைக்கும் கேட்டது.

"இருக்கட்டும். அவுகளுக்கு இனிமே காத்து வேண்டாம். எனக்கு வேணும்."

"அம்மா, போட்டோ எடுத்து முடிச்சிரட்டும்..."

"எல்லாம் அவுக பேரு." கோகிலாம்பாள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "மாடியில காலையில கண்ண முழிச்சா அவுக பேரு. காப்பி குடிச்சா அவுக பேரு. உசுரோட இருக்கையில என்னக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாக, இப்ப எழுதி வச்சிருக்காக. இந்தக் கட்டடத்துல எம் பேரு எங்க இருக்குன்னு யாராச்சும் காட்டுங்க."

யாரும் காட்டவில்லை. சமையல்கட்டில் ஒரு எண்ணெய்த்தூக்கின் மூடியில் இருந்தது. ஆனால் அதைச் சொல்ல இது நேரமில்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது.

காளீஸ்வரி யோசித்துச் சொன்னாள் என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள். அவள் யோசிக்கவேயில்லை. நின்று நின்று சோர்ந்து, வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"கதவுக்கு உள்பக்கம் சும்மாத்தான் கெடக்கும்மா. தொறந்து வச்சா அதுதான் ரோட்டுக்குத் தெரியும்."

கோகிலாம்பாள் கதவின் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தார். நல்ல தேக்கு. ஓர் எழுத்து இல்லை.

"ஏய்யா நவநீதம், நாளைக்கு பெயின்டரக் கூப்பிடு."

"அம்மா, சன்னல் அப்பா உபயம். எல்லாருக்கும் தெரியும். நீங்க எதுக்கு உபயம்னு போடுறது?"

கோகிலாம்பாள் பொன்னாடையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் வேர்வை வழிந்தது.

"காத்துக்கு" என்றார்.

இறந்தவர் எதுவும் பேசவில்லை. உயிரோடு இருப்பவர் மாடியில்தான் குடியிருக்கிறார், சாப்பாடும் அங்கேதான். நவநீதகிருஷ்ணன் கணக்குப் போடத் தெரிந்த வியாபாரி. மறுநாள் காலையிலேயே பெயின்டர் இருளப்பசாமி ஏணியோடு வந்துவிட்டார். எல்லாச் சன்னலும் திறந்தன. துருப்பிடித்த கீல்கள் கத்திய கத்தில் காய்ச்சல்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். இடதுகதவில் 'காற்று உபயம்', வலதுகதவில் 'திருமதி கோகிலாம்பாள்'. இரண்டுக்கும் நடுவில் கம்பிக்குப் பின்னால் பெண்கள் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். எதிர்க்கடை வத்தல் நெடியும் கொஞ்சம் வந்தது. ஆனாலும் காற்று.

விழாவுக்கு வந்தவர்கள் பாயசத்தோடு காய்ச்சலையும் காரியாபட்டி வரைக்கும் கொண்டுபோனார்கள். நவநீதகிருஷ்ணன் நான்கைந்து நாள் கல்லாவுக்கு வரவில்லை. விடுதியில் மாரிக்கனி படுத்தாள். அதற்கு அடுத்த கட்டில் தீபலட்சுமியுடையது. காளீஸ்வரி காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கட்டில் காலருகே நின்று அவள் மூச்சைக் கேட்டாள். சீட்டி இருக்கிறதா, இல்லையா.

இல்லை. அடுத்த நாளும் இல்லை. காற்று வந்ததாலா, கட்டிலை மாற்றியதாலா, முகக்கவசத்தாலா, வேப்பமரத்தடியில் கரண்டியோடு உட்கார்ந்ததாலா என்று யாருக்கும் தெரியாது. காய்ச்சல் அந்தக் கட்டிலைத் தாண்டிக்கொண்டு காளீஸ்வரியிடம் வந்தது.

அவளைச் சாப்பாட்டு அறையில் சாலையோரச் சன்னலுக்குக் கீழே படுக்க வைத்தார்கள். காலையில் மழை பிடித்தது. வருசமெல்லாம் வானத்தைப் பார்த்துக் கிடக்கிற ஊர். பெய்கிற நாலு நாளில் ஒரு நாள் இது. சாரல் கம்பி வழியாக வந்து போர்வையை நனைத்தது. காளீஸ்வரி எழுந்து, தலை சுற்றலோடு, கதவை இழுக்கக் கையை வெளியே நீட்டினாள்.

செல்போன் அடித்தது. எதிர்மாடியில் கோகிலாம்பாள் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பது மழைக்குள் தெரிந்தது.

"என்ன தாயி, சன்னலச் சாத்தப் போறாப்புல இருக்கு?"

"சாரல் அடிக்குதும்மா."

"அடிக்கட்டும். இன்னைக்குத்தான் பஸ்ஸெல்லாம் மெதுவாப் போகுது. நின்னு வாசிக்கிறாக." அந்தக் குரலில் அவ்வளவு சந்தோசம். "இனிமே எந்தக் காலத்துலயும் சாத்தக் கூடாதுன்னு நவநீதத்துக்கிட்டச் சொல்லித் தீர்மானம் போடச் சொல்லிட்டேன். உடம்பு எப்படி இருக்கு?"

"இருக்கும்மா."

"நல்லாக் காத்து வாங்கு."

காளீஸ்வரி கையை உள்ளே இழுத்துக்கொண்டாள். கஞ்சியோடு வந்த தீபலட்சுமி வாசலிலேயே நின்று, முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு, தூக்குவாளியைக் காலால் உள்ளே நகர்த்தினாள்.

"வேலைக்குப் போறேன் அக்கா. குடிச்சிருங்க."

"மூச்சு எப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. நல்லா இருக்கு." அவள் சன்னலைப் பார்த்தாள். "நனையுதே. சாத்திட்டுப் போகவா?"

"வேண்டாம். நீ பஸ்ஸப் பிடி."

அந்தப் பெண் குடையை விரித்துக்கொண்டு, இழுப்பு இல்லாமல், சாலையை ஓடிக் கடப்பதைக் காளீஸ்வரி படுத்தபடியே கம்பி வழியாகப் பார்த்தாள். பிறகு காலை மடக்கி, போர்வையின் காய்ந்த பாதிக்குள் சுருண்டுகொண்டாள்.