மாடிக் கம்ப்யூட்டருக்கு மட்டும் சூடு ஏறவில்லை

அன்றைக்கு மூன்றாவது தடவையாகக் கம்ப்யூட்டர் அணைந்தபோது மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. வீட்டின் மூத்த மருமகளான பெரியவள் மவுஸை மேசையில் ஓங்கி வைத்தாள். நூற்றுப் பதினான்காம் பக்கத்தில் செய்த வேலை பாதி போயிற்று. பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகம் அது; வரிக்கு வரி பின்னமும் வர்க்கமூலமும். ஒன்றை நகர்த்தினால் ஒன்பது இடிக்கும். எட்டு வருஷமாக வீட்டில் உட்கார்ந்தபடியே ஓர் அச்சகத்துக்குப் புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டி வடிவமைத்துக் கொடுக்கிறாள். ஒருநாள்கூடத் தவணை தவறியதில்லை. இந்தக் கோடையில்தான் மானம் கப்பலேறும் போலிருந்தது.

என்ன செய்யவில்லை அவள்? ஜன்னலுக்கு ஈரத் துணி கட்டினாள். டேபிள் ஃபேனுக்கு முன்னால் பாத்திரம் நிறைய ஐஸ் வைத்தாள். அது உருகிக் கீபோர்டைத் தேடி ஓடிவந்ததுதான் மிச்சம். தூசி படக்கூடாது என்று, வாங்கிய நாளிலிருந்தே கம்ப்யூட்டர் பெட்டியை மேசைக்குக் கீழே இருந்த கூண்டில் வைத்துக் கதவைச் சாத்தித்தான் வைத்திருந்தாள். அப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்தும், பாழாய்ப் போனது பத்து நிமிஷம் ஓடும், உஸ்ஸென்று இரையும், பிறகு கண்ணை மூடிக்கொள்ளும்.

காலையில் அச்சகக்காரர் போன் செய்திருந்தார்.

"சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள வந்துடுமில்லம்மா? ரொம்பக் கஷ்டமா இருந்தா சொல்லிடுங்க. உங்க கொழுந்தன் சம்சாரமும் இந்த வேலைதான் செய்யறாங்களாமே? அவங்ககிட்ட குடுத்துடறேன். உங்க வீட்டுக்குள்ளதானே போகுது."

வீட்டுக்குள்ளதானே! மனுஷனுக்கு என்ன சுலபமாகப் போயிற்று! இன்றைக்கு இந்தப் புத்தகம் மாடிக்குப் போனால் நாளைக்கு எல்லாப் புத்தகமும் மாடிக்குப் போகும். பெரியவள் கீழே சும்மா உட்கார்ந்து சின்னவளுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதுதான்.

சின்னவள் என்பது மாடியில் குடியிருக்கும் அவளுடைய ஓரகத்தி. இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம். அவள் கம்ப்யூட்டர் யாரோ வேண்டாமென்று தள்ளிய பழைய பெட்டி. அறையோ மொட்டை மாடிக்கு நேர் கீழே. உள்ளே போனால் அடுப்புக்குள் தலையைக் கொடுத்த மாதிரி இருக்கும். அந்தச் சூட்டிலும் அந்தப் பழைய பெட்டி ஒரு தடவைகூட அணைவதில்லை. அது எப்படி? பெரியவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

"என்னோடது காலைல போட்டா சாயங்காலம் வரைக்கும் சமத்தா ஓடுதுக்கா" என்று நேற்றுத்தான் அவள் வந்து சிரித்துவிட்டுப் போனாள். சமத்தாம். நாக்கைப் பார்!

என்னதான் செய்கிறாள் என்று பார்த்துவிடுவது என்று பெரியவள் கிளம்பினாள். கொடியில் துணி எடுக்கிற சாக்கில் மாடி ஏறினாள். பாதிப் படியில் ஓர் ஆண் குரல் கேட்டது. கொழுந்தன் வேலைக்குப் போயிருந்தான். இது அவள் புருஷன் குரல்.

அவன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். இந்நேரம் எவர் வீட்டுச் சமையலறையிலோ குனிந்திருக்க வேண்டியவன். இங்கே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சின்னவளின் பெட்டியைத் திறந்து வைத்து, பெயின்ட் பிரஷ்ஷால் உள்ளே தட்டிக்கொண்டிருந்தான். சின்னவள் டார்ச் பிடித்திருந்தாள்.

"மாமா, அந்த மூலையில இன்னும் இருக்கு பாருங்க."

"இரும்மா, அவசரப்படாதே. அதையும் எடுத்துடலாம்."

என்ன கொஞ்சல், என்ன பொறுமை! துணியாவது கொடியாவது. பெரியவள் வந்த சுவடு தெரியாமல் இறங்கினாள். காதில் புகை வந்தது.

அரைமணி கழித்து அவன் சாப்பிட வந்தான். தட்டு நங்கென்று விழுந்தது.

"என்ன இன்னைக்குத் தட்டு பேசுது?"

"மாடியில யாருக்கோ சேவகம் நடக்குதாமே. நான் இங்க மூணு நாளா செத்துப் பொழைக்கறேன். கட்டினவளோடது எக்கேடோ கெட்டுப் போகட்டும், தம்பி பொண்டாட்டியோடதைத் தொடச்சுக் குடுப்போம்னு போயிட்டீங்க, இல்ல?"

அவன் சோற்றில் கை வைக்கவில்லை. "அவ 'மாமா, கொஞ்சம் பாத்துக் குடுங்க'ன்னு கேட்டா. நீ கேட்டியா?"

"நான் கேக்கணுமா? உங்களுக்குக் கண்ணில்லையா?"

"காது இருக்கு. மூணு மாசமா உன் பெட்டி மூச்சு முட்டிக் கத்தறதைக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா அது வந்த அன்னைக்கு நான் தொட்டுப் பாத்தேன். நீ என்ன சொன்னே? உங்க அண்ணன் முன்னாடி, 'இது ஒண்ணும் ஃப்ரிட்ஜ் இல்ல, அழுக்குக் கையை வச்சுத் தொலைக்காதீங்க'ன்னே. மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு எட்டு வருஷமாக அவன் அந்த மேசையைத் தொடாமல் சுற்றிக்கொண்டுதான் நடக்கிறான் என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. கோபம் மட்டும் அடங்கவில்லை. அதெப்படித் தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருக்கலாம்?

"சரி, செய்யறதுன்னா செய்யுங்க" என்றாள் சுவரைப் பார்த்து.

"இதுதான் கேக்கறதா?"

இன்னும் ஐம்பது பக்கம் இருந்தது. அச்சகக்காரர் குரல் காதில் ஓடியது. அவள் சுவரிலிருந்து திரும்பினாள்.

"கொஞ்சம் பாத்துக் குடுங்க."

அவன் சாப்பிட்டுக் கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினான். அந்த இரண்டாவது தடவை அவளுக்குச் சுருக்கென்றது. பெட்டியைக் கூண்டிலிருந்து உருவி வராந்தாவுக்குக் கொண்டுபோய்ப் பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளே விசிறியே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் கம்பளி போர்த்திய மாதிரி தூசி.

"கூண்டுக்குள்ள போட்டுச் சாத்தினா, அது விட்ட மூச்சையே அதுதான் திரும்ப இழுக்கும். காத்தே போகாத எடத்துல எந்த மெஷினும் வாழாது."

விசிறி சுழன்றுவிடாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோயரால் ஊதினான். பிரஷ்ஷால் இண்டு இடுக்கெல்லாம் தட்டினான். விசிறியைக் கழற்றி, அடியில் சிப்பின் சூட்டைக் கடத்தப் பூசியிருந்து காய்ந்து காரை பிடித்த பசையைச் சுரண்டித் துடைத்து, அரிசி அளவுக்குப் புதுசு வைத்தான். இந்தத் தடவை டார்ச் பெரியவள் கையில். இந்த விரல்களுக்கு இவ்வளவு பதம் தெரியும் என்பதை அவளுக்கு முன்னால் சின்னவள் பார்த்திருக்கிறாள். அதை நினைத்தால்தான் ஆறவில்லை.

பெட்டியை மேசைக்கு வெளியே, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஸ்டூல்மேல் வைத்து ஸ்விட்சைப் போட்டார்கள். பத்து நிமிஷம் ஆயிற்று. அரைமணி ஆயிற்று. இரைச்சலே இல்லை. திரையில் தொண்ணூறு டிகிரியைத் தாண்டிக்கொண்டிருந்த சூடு ஐம்பத்தைந்தில் நின்றது. பெரியவள் அச்சகக்காரருக்குப் போன் போட்டு, "நாளைக்கே அனுப்பிடறேங்கய்யா, யார்கிட்டயும் குடுக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத்தான் மூச்சுவிட்டாள்.

விட்டதோடு சும்மா இருந்திருக்கலாம். முடியவில்லை.

"மாடியில போயி இவ்வளவு நுணுக்கமா கத்துக்கிட்டீங்களாக்கும்?"

"பின்னே? உன்னோடது கத்த ஆரம்பிச்சப்பவே, என்னைக்காவது நீ கேப்பேன்னு தெரியும். எடுத்த எடுப்புல அதுல கை வச்சு ஏதாவது ஆச்சுன்னா, ஜென்மத்துக்கும் சொல்லிக் காட்டுவே. அதான் அவளோடதுல பழகிக்கிட்டேன். அது பழைய பெட்டிதானே, போனா போகுதுன்னு."

வாசலில் நிழல் தட்டியது. மாடியில் அவன் விட்டுவந்த ஸ்க்ரூட்ரைவரோடு சின்னவள் நின்றிருந்தாள். அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் என்பது முகத்திலேயே எழுதியிருந்தது.

"போனா போகுதா மாமா?" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள், உதடு கோணிக்கொண்டது. "அதுலதான் நான் சம்பாதிக்கறேன்."

"அய்யோ, நான் அப்படிச் சொல்ல வரலைம்மா" என்று அவன் எழுந்தான்.

அவள் நிற்கவில்லை. ஸ்க்ரூட்ரைவரை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். ஸ்டூல்மேல் அமைதியாக ஓடிக்கொண்டிருந்த பெட்டியை ஒரு பார்வை பார்த்தாள். அது என்ன பார்வை என்று பெரியவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பிறகு சின்னவள் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"போய் ஒரு வார்த்தை சமாதானம் சொல்லிட்டு வாயேன்" என்றான் அவன், முகம் செத்துப்போய்.

"போறேன், போறேன். இந்தப் பக்கத்தை முடிச்சுட்டுப் போறேன்."

பாவம், நல்ல பெண், எனக்கு என்ன கெடுதல் செய்தாள் என்று பெரியவள் நினைத்துப் பார்த்தாள். எவ்வளவு நினைத்தும் இரக்கம் வரவில்லை. வெட்கக்கேடு, வெளியே சொல்ல முடியாது. அவளுக்கு உள்ளுக்குள் ஜிலுஜிலுவென்றுதான் இருந்தது. அந்தப் பக்கத்தை முடித்தாள், அதற்கடுத்த பக்கத்தையும் முடித்தாள். மாடிக்குப் போகவில்லை.