சட்டைப்பைத் தொகுதி

“சரி, கடலுக்கு ஆர் கை தூக்கிறியள்?” என்று கேட்டுவிட்டுப் பிரவீணன் தன் கையைத் தானே தூக்கினான். வேறு கை எழும்பவில்லை.

சமையலறை மேசையைச் சுற்றி மூன்று பேர் இருந்தார்கள். நான்காவது கதிரையில் அப்பாவின் சுவெற்றர் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. முதல்நாள் காலை அவர் மருத்துவமனையில் இறந்துபோனார். இறுதிச்சடங்கை ஒழுங்கு செய்பவர் பின்னேரம் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். எரித்தபின் சாம்பலை என்ன செய்வது என்று அதற்குள் முடிவெடுக்கவேண்டும். வீட்டில் வைத்திருக்க, அவர்கள் குடியேறிய இந்த நாட்டில் சட்டம் விடாது. மயானத்தில் புதைக்கலாம், அல்லது கப்பலில் கொண்டுபோய்க் கடலில் விடலாம்.

“நான் மயானத்துக்கு,” என்று அக்கா கம்சனா கையைத் தூக்கினாள்.

ஒன்றுக்கு ஒன்று. இருவரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா வெறுங்கதிரையைப் பார்த்தாள்.

கை தூக்கும் வழக்கத்தை அந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவளே கம்சனாதான். இப்போது வரலாறு படிப்பிக்கிறாள். அப்போது பத்தாம் வகுப்பு. இங்கிலாந்தின் 1832ஆம் ஆண்டுத் தேர்தல் சீர்திருத்தம் பற்றி வகுப்பில் பேசவேண்டியிருந்ததால், ஒத்திகைக்கு வீட்டாரை இதே மேசையில் இருத்தினாள். அதற்கு முன்னர், ஆளே குடியிருக்காத ஒரு புல்மேட்டுக்குப் பாராளுமன்றத்தில் இரண்டு உறுப்பினர்கள். ஆலைகளால் வீங்கிப்போன மன்செஸ்ரர் நகரத்துக்கு ஒருவருமில்லை. வாக்காளன் மேடையேறி, யாருக்கு வாக்கு என்று ஊர் கேட்க வாயால் சொல்லவேண்டும். கீழே நிலச்சொந்தக்காரரின் ஆள் காதைக் கொடுத்தபடி நிற்பான். மாற்றிச் சொன்னவனுக்கு அடுத்த மாதம் குடியிருக்க வீடு இல்லாமல் போகலாம். அப்படிப்பட்ட ஊர்களைச் சொந்தக்காரரின் சட்டைப்பைக்குள் கிடக்கும் தொகுதி என்றே சொன்னார்கள். புதிய சட்டம் அவற்றில் பலவற்றை ஒழித்தது. ஆனால் வாக்கை மறைவாகப் போடுவதற்கு இன்னும் நாற்பது வருடம் காத்திருக்கவேண்டியிருந்தது.

அப்பாவுக்கு இந்தக் கதை நன்றாகப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் எதற்கெடுத்தாலும் தேர்தல்: சோபாவின் நிறத்துக்கு, கோடை விடுமுறைக்கு, நாய் வளர்ப்பதற்கு. இரண்டுக்கு இரண்டு என்று வந்தால் அப்பாவுக்கு இன்னொரு வாக்கு. ஒவ்வொரு முறையும் அம்மா முதலில் அப்பாவின் முகத்தைப் பார்ப்பாள். அவர் கை எழும்பிய பிறகுதான் அவள் கை எழும்பும்.

“அம்மா அப்பாட சட்டைப்பைத் தொகுதி,” என்பாள் கம்சனா. அப்பா தன் சட்டைப்பையைத் தட்டிக்காட்டிச் சிரிப்பார். நாய்த் தேர்தலில் பிள்ளைகள் தோற்றபோது அவள் ஒரு கிழமை முழுக்க அவரோடு பேசவில்லை.

“தம்பி, கடல் எங்க, நாங்கள் எங்க?” என்றாள் கம்சனா இப்போது. “காரில எட்டு மணித்தியாலம் ஓடவேணும். மயானமெண்டா அம்மா ட்ராமில போய் வரலாம். நானும் கிழமைக்குக் கிழமை போய்ப் பூவுக்குத் தண்ணி விடுவன்.”

அம்மா தலையை நிமிர்த்தி அவளை நேரே பார்த்தாள்.

“தண்ணியில கரைக்கிறதுதானே அக்கா எங்கட முறை,” என்றான் பிரவீணன். “கரையிற பெட்டியில வைச்சுத்தான் இறக்குவினம். இறக்கின இடத்தை வரைபடத்தில குறிச்சும் தருவினமாம்.”

அம்மா கண்களை மூடித் திறந்தாள். அழுகையை அடக்குகிறாள் என்று கம்சனா நினைத்தாள்.

தொலைபேசி அடித்தது. பிரவீணன் அதை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினான்.

“அம்மா, துண்டில எழுதிப் போடுங்கோவன். நாங்கள் பாக்கமாட்டம்.”

“உங்கட ரெண்டு பேற்ற எண்ணமும் தெரியும். மூண்டாவது துண்டு ஆற்ற எண்டு தெரியாதோ? உன்னட்டப் படிக்கிற பிள்ளையள் பாவம்.”

கம்சனாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டாள். “அப்பா இல்லாமல் உங்களுக்கு ஏலாதெண்டு விளங்குதம்மா.”

அம்மா மேசையிலிருந்த தேநீர்க் கறையை விரலால் தேய்த்தாள்.

“அப்பாக்கு நாய் விருப்பம், தெரியுமே?”

“என்ன சொல்லுறியள்?”

“நான்தான் வேண்டாமெண்டனான். ஓமெண்டா கண்ணை மூடுவன். இல்லையெண்டா நேர பாப்பன். அதைப் பாத்துத்தான் மனுசன் கை தூக்கிறது.”

“எல்லாத் தேர்தலிலயுமோ?”

“ஓம், சோபாவுக்கும்தான். ‘பிள்ளையள் கோவிச்சா என்னோட கோவிக்கட்டும், நீர் பேசாமல் இரும்’ எண்டுவார்.” அம்மாவின் விரல் கறையிலேயே நின்றது. “இப்ப ஒரு பிள்ளைக்கு நான் வாயால இல்லையெண்டு சொல்லவேணும்.”

பல்கனிக் கதவு திறந்தது.

“சடங்கு ஒழுங்கு செய்யிறவர் வந்துகொண்டிருக்கிறாராம்,” என்றான் பிரவீணன். கதிரையில் இருக்காமல் மேசை ஓரமாகவே நின்றான். “அம்மா, இனி யோசிக்க நேரமில்லை. கடலுக்கு ஆர்?”

கம்சனா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா மெல்லக் கண்களை மூடினாள்.

கம்சனா கையைத் தூக்கினாள்.

“அக்கா, இவ்வளவு நேரமும் மயானமெண்டு நிண்டனீங்கள்?”

“கிழமைக்குக் கிழமை தண்ணி விட எனக்குப் பஞ்சி, தம்பி, ஆர் அலையிறது? அவ்வளவுதான்.”

பிறகுதான் அம்மாவின் கை எழும்பியது, தோள் உயரத்துக்கு.

வாசல் மணி அடித்தது. பிரவீணன் கதவைத் திறக்கப் போனான். வருகிறவர் இருப்பதற்காக, அம்மா எழுந்து நான்காவது கதிரையிலிருந்த சுவெற்றரை எடுத்தாள். அதை இரண்டாக மடித்துக் கம்சனாவின் மடியில் வைத்தாள்.

கம்சனாவின் கை இன்னும் தூக்கியபடியே இருந்தது.