வெட்டுப்பட்ட முகவரி

அவள் கண் தெரியாத மொழிபெயர்ப்பாளர். படம், வண்ணம் எதுவுமில்லாமல் வெறும் எழுத்தைக் காட்டும் பிரவுசர் ஒன்றைக் கணினி வாசிக்க, அதைக் கேட்டுத்தான் அவளுக்கு வேலையெல்லாம் நடந்தது. அந்தப் பிரவுசரை உருவாக்கியவன் சொந்தக் கொழுந்தன். வீட்டில் அவனுக்கு ‘விஞ்ஞானி’ என்று பட்டப்பெயர். அதைக் கேலி என்று அவன் எடுத்துக்கொண்டதே இல்லை.

பிரவுசரில் ஒரு கோளாறு இருந்தது. லிங்க்கின் முகவரிக்குள், ‘மற்றும்’ என்பதற்கான ‘&’ குறி வந்தால் போதும், அந்த இடத்திலேயே முகவரியை வெட்டிவிட்டு, மிஞ்சிய பாதி எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போய் நிற்கும். புகார் எழுதினாள். ஊரே பார்க்கிற இணையப் பக்கத்தில் அவன் பதில் போட்டான்: “பிரவுசர் நல்லாத்தான் இருக்கு. பார்க்கத் தெரியாதவங்களுக்கு நான் என்ன பண்ண முடியும்?” மறுபடியும் எழுதினாள். “லிங்க்கைத் தடவிப் பார்த்தீங்களா?” என்று கேட்டிருந்தான்.

“விடும்மா, விளையாட்டுக்குச் சொல்றான்,” என்றார் கணவர்.

அப்புறம் தலைமை மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு இணையவழி நேர்காணல் வந்தது. ‘இங்கே அழுத்தவும்’ என்ற வார்த்தைகளுக்குப் பின்னால் அந்தக் குறி ஒளிந்திருந்தது அவளுக்குத் தெரியவில்லை. அழுத்தினாள். “காத்திருக்கவும்,” என்றது கணினி. நல்ல புடவை கட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டு காத்திருந்தாள், ஆளில்லாத வேறொரு இணைய அறையில். “நீங்க வரவே இல்லையே, வேற ஆளைப் போட்டாச்சு,” என்றார்கள் பிறகு.

அவள் அழவில்லை. கறுவிக்கொண்டிருந்தாள்.

பார்வையற்றோர் நூலகம் அவனுடைய பிரவுசரை எல்லாக் கணினிகளிலும் வைக்க நினைத்தது. செயல்விளக்கத்துக்கு ஒரு பக்கம் தயாரித்துத் தரும்படி அவளிடமே கேட்டது. தயாரித்தாள். எல்லா லிங்க்கிலும் ‘&’ வைத்தாள். வேறு எந்தப் பிரவுசரில் திறந்தாலும் புத்தகப் பட்டியல் வரும். அவனுடையதில் முகவரி வெட்டுப்பட்டு, அவள் எழுதி வைத்த இன்னொரு பக்கம் வரும்.

அரங்கம் நிறைந்திருந்தது. விஞ்ஞானி தோரணையாக ‘புதிய புத்தகங்கள்’ லிங்க்கை அழுத்தினான்.

“பார்க்கத் தெரியாதவங்களுக்கு நான் என்ன பண்ண முடியும்?” என்று ஒலிபெருக்கியில் கணீரென்று வாசித்தது கணினி.

அவன் பதறிப்போய் அடுத்ததை அழுத்தினான்.

“லிங்க்கைத் தடவிப் பார்த்தீங்களா?”

“யாருய்யா இப்படிப் பேசுற மகாராசன்?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். கணினி அவன் பெயரையும் வாசித்தது. “மேடையை விட்டு இறங்குய்யா!” என்று கூச்சல் கிளம்பியது. நூலகர் விழாவை அத்தோடு முடித்துக்கொண்டார்.

படிக்கட்டில் அவன் அவளை வழிமறித்தான்.

“தனியா கூப்பிட்டுச் சொல்லியிருந்தா சரி பண்ணியிருப்பேனே அண்ணி. இப்படி நாலு பேர் முன்னாடி...”

“நீங்க நாலு பேர் முன்னாடிதானே தம்பி சொன்னீங்க.”

அந்த வாரமே கோளாறு சரியானது. வந்து ஒருமுறை சோதித்துப் பார்க்கச் சொல்லிக் கணவர் மூலம் தூது விட்டான். அவள் அதற்குள் வேறு பிரவுசருக்கு மாறியிருந்தாள்.

“பாவம்மா, அவன் சரியா சாப்பிடறதே இல்ல,” என்றார் கணவர்.

“பசிச்சா சாப்பிடுவார்,” என்று சொல்லிவிட்டு, தன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டாள்.