மேகம் அமராத மேடு

விடிந்ததும் விடியாததுமாகச் சுருளியம்மாள் சுமந்து வந்த கூடையின் அடியிலிருந்து சாறு ஒழுகி, அன்னமேரியின் வாசற்படியில் ஈ மொய்த்தது. மழையில் வெடித்த பன்னீர்த் திராட்சை. கம்பத்து வியாபாரிகள் தொடவில்லை. மலைமேல் கம்பம்மெட்டில் கிறிஸ்துமஸுக்கு ஒயின் போடும் அன்னமேரிதான் கடைசி நம்பிக்கை.

அன்னமேரி ஒரு பழத்தை வாயில் போட்டுத் துப்பினாள். “இது பழமா, தண்ணியாடி? போன வருசம் போட்டதே புளிச்சுக் காடியாப் போச்சு. பூசை வைக்கிற அச்சன் ஒரு மடக்குக் குடிச்சிட்டு என்னயப் பாத்த பார்வை இருக்கே, ரெண்டு ஞாயிறு நான் கோயிலுக்கே போகல.”

சுருளியம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினாள்.

கதை கேட்கிற கண்ணுகளா, அந்த எழுபத்து நாலாம் வருடத்தில் அவள் சோம்பிக் கிடந்து கொடியைக் கெடுத்தாள் என்று ஊர் பேசியது. பொய். வைகாசியில் மேட்டிலிருந்த மரக்காட்டின் மேல் மேகம் வந்து உட்காரும். உட்கார்ந்த ஏழாம் நாள் கொடியின் கிளைகளைக் கழித்துக் கவாத்து செய்வார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் பழம் கைக்கு வந்துவிடும். அந்த வருடம் மேகம் வந்தது, உட்காராமல் தாண்டிப் போனது. இன்று உட்காரும், நாளை உட்காரும் என்று ஆடி பாதி வரை அண்ணாந்து பார்த்திருந்துவிட்டுத்தான் கத்தியை எடுத்தாள். பழுக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது.

உட்கார மரம் வேண்டாமா? தேயிலைக்கென்று மூன்று வருடமாக ஒரு எஸ்டேட்காரன் அந்தக் காட்டை மழித்துக்கொண்டிருந்தான். வெட்டிய கோடரிகளில் ஒன்று அவள் புருஷன் பெரியமுத்துவினுடையது. அந்தக் கூலியில்தான் பந்தலுக்குக் கல்தூண் நட்டார்கள்.

அவள் கூடையோடு வீடு வந்தபோது பெரியமுத்து பந்தலடியில் கோடரி தீட்டிக்கொண்டிருந்தான். “ஜீப்பு வந்துரும். கஞ்சிய ஊத்து.”

“மிச்சமிருக்க சோலையையும் சாய்க்கப் போறீகளாக்கும்.”

“நான் போகலேன்னா வேறொருத்தன் போவான்.”

“போகட்டும். அவனை அவன் பொண்டாட்டி கேப்பா.”

அவன் எழுவதற்குள் கோடரியைப் பிடுங்கினாள். பந்தல் முழுவதையும் சுமந்த தாய்க்கொடியின் அடித்தண்டில், தன் மாமியார் ஊன்றிய தண்டில், ஓங்கி ஒரே போடு போட்டாள். பாதித் தண்டில் இரும்பு இறங்கி நின்றது.

“இப்ப உருவிக்கிட்டுப் போங்க.”

ரோட்டில் ஜீப் ஹாரன் அடித்தது. உருவினால் தண்டு பிளந்து கொடியே பட்டுப்போகும் என்பது அவனுக்குத் தெரியும். கோடரிக் காம்பில் கை வைத்தான். வெட்டுவாயிலிருந்து நீர் கசிந்து, இரும்பின் மேல் வழிந்து அவன் காலில் சொட்டியது. ஹாரன் மறுபடியும் அடித்தது.